கூண்டு நகர்ந்தது 25 அடிதான்

தை பிறந்து ஒரு வாரம் கழித்து எங்கள் வீட்டுக் கொல்லையில் பாத்ரூம் கட்ட வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டினோம். அந்த இடத்தில்தான் 9 வருடமாகக் கோழிக்கூண்டு இருந்தது. அதைப் பிரித்துவிட்டுப் புதுக் கூண்டை 25 அடி தள்ளி வேப்பமரத்தடியில் வைத்தோம். பெரிதாக ஒன்றும் செய்யவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம். அடுத்த மூன்று வாரம் கோழிகள் நடந்துகொண்ட விதத்தைப் பார்த்து அம்மா கண்ணேறு என்றார், பக்கத்து வீட்டு அத்தை கழிச்சல் நோய் வரப்போகுது என்றார், மருந்துக்கடைக்காரர் ஒரு சத்து டானிக்கைக் கையில் கொடுத்து 180 ரூபாய் வாங்கிக்கொண்டார். மூன்றும் இல்லை. தினமும் கிழிக்கிற நாள்காட்டித் தாளின் பின்பக்கம் நான் குறித்து வைத்திருந்ததை ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன், கூண்டு மாற்றப்போகிற யாருக்காவது பயன்படும்.

ஊர் திண்டுக்கல் பக்கம். கொல்லை சுமார் 4 சென்ட், சுற்றிலும் கம்பி வேலி. கோழிகள் எல்லாம் சிறுவிடை நாட்டுக்கோழி, 6 பெட்டை, 1 சேவல். செவலைதான் மூத்தவள், நாலு வயதுக்கு மேல், கூட்டத்துக்கே பெரிய மனுஷி. அவளுக்கு அடுத்து கருப்பி, அப்புறம் பொட்டு, கழுத்தில் இறகே இல்லாத மொட்டைக்கழுத்து, கடைசியாக போன ஆடியில் பொரித்த இரண்டு விடைக்கோழிகள். இந்த இரண்டையும் எங்களால் பிரித்துச் சொல்ல முடியாததால் அக்கா தங்கச்சி என்றே பேர். சேவலுக்குப் பேர் வைக்கவில்லை. பேர் வைத்தால் ஆடி நோம்பிக்கு அறுக்க மனசு வராது என்பது அம்மாவின் கணக்கு.

அதுகளின் நாள் எப்படி ஓடும் என்றால், ஆறரைக்கு அம்மா கூண்டைத் திறப்பார், சமையலறைப் பின்வாசல் படியில் உட்கார்ந்து எவர்சில்வர் கிண்ணத்தைக் கரண்டியால் தட்டி "பா... பா... பா..." என்பார், கம்பும் நொய்யும் விழும். எட்டரைக்கு மேல் ஒவ்வொன்றாகக் கேறிக்கொண்டு (முட்டையிடப் போகும்போது போடுகிற சத்தம்) போய் மாடிப்படிக்கு அடியில் இருந்த தகரப்பெட்டியில் முட்டையிடும். மத்தியானம் முருங்கைமரத்தடியில் புழுதிக் குளியல். ஆறு, ஆறேகாலுக்கு யாரும் கூப்பிடாமலே கூண்டில் ஏறி அடைந்துவிடும். பொங்கலுக்கு முந்தைய வாரம் 19 முட்டை. அந்த வாரம் பொட்டு முட்டையிடுவதை விட்டு அடையில் (அடைகாக்க) உட்கார்ந்திருந்தாள், ஆக ஐந்து கோழிக்கு 19. நாட்டுக்கோழிக்கு இது நல்ல கணக்கு. வருடத்துக்கே 60லிருந்து 80 முட்டைதான் இடும், இட்டாலும் பத்துப் பதினைந்தில் ஒரு தடவை அடையில் உட்கார்ந்துவிடும்.

தையில் இது நடந்தது என்பதை ஏன் சொல்கிறேன் என்றால், பகல் நீளம் கூடிக்கொண்டே போகிற மாதம் இது. கோழிக்கு முட்டையிடச் சொல்லிக் கொடுப்பது வெளிச்சம்தான், அதுவும் கண் வழியாக மட்டும் இல்லை, மண்டையோட்டைத் தாண்டி மூளைக்குள்ளேயே எட்டுகிற வெளிச்சம். ஐப்பசி, கார்த்திகையில் முட்டை குறைந்தால் பொழுது சுருங்கிவிட்டது என்று விட்டுவிடலாம். தையில் குறைந்தால் வேறு எங்கோ தப்பு.

முதல் நாள் சாயங்காலம் நடந்ததை இன்னும் மறக்க முடியவில்லை. பழைய கூண்டு இருந்த இடத்தில் மூன்றடி ஆழத்துக்குப் பள்ளம். புதுக் கூண்டு வெல்டு மெஷ் அடித்து, உள்ளே கோழி ஏறி உட்கார இரும்புக் குழாய் போட்டு, தகரக் கூரையோடு பளபளவென்று நிற்கிறது. ஆறேகாலுக்கு செவலை முன்னே வர, மற்றவை பின்னாலேயே வந்து, பள்ளத்தின் விளிம்பில் அள்ளிக் கொட்டியிருந்த மண்மேட்டில் ஏறின. பழைய கூண்டில் குறுக்குக்கட்டை எந்தத் திசையில் இருந்ததோ அதே திசையில், சுவரோரம் செவலை, அவளுக்குப் பக்கத்தில் கருப்பி, வெளி ஓரத்தில் அக்கா தங்கச்சி என்று பழைய வரிசை மாறாமல் உட்கார்ந்தன. கட்டை இல்லை, கூரை இல்லை, சுவர்கூடப் பாதிதான் இருந்தது. அது அதுக்கு அது அது இடம். கொத்தனார் பார்த்துவிட்டு, "தம்பி, இதுகளுக்குப் பட்டா போட்டுக் குடுத்திருக்கீங்களா?" என்றார்.

நன்றாக இருட்டிய பிறகு ஒவ்வொன்றாகத் தூக்கிப் புதுக் கூண்டில் விட்டேன். இருட்டில் கோழிக்குக் கண் தெரிவது குறைவு, அதனால் தூக்கினால் முரண்டு பிடிக்காது. பகலில் பிடிக்க ஊரைச் சுற்ற வேண்டிய செவலை அந்த நேரத்தில் பூசணிக்காய் மாதிரி கையில் இருப்பாள். மறுநாளும் அதே மண்மேடு. மூன்றாம் நாளும். இப்படியே 7 ராத்திரி டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு கோழி சுமந்தேன். இது என் முதல் தப்பு, ஏனென்றால் ராத்திரி நான் தூக்கி வைப்பதால் கோழி எதையும் கற்றுக்கொள்ளாது, தூங்கப் போன இடம் ஒன்று, கண் விழித்த இடம் வேறு, அவ்வளவுதான் அதற்குத் தெரியும். தன் காலால் நடந்து போய் ஏறினால்தான் அது அதன் இடம்.

இதில் ஒரு கூத்து, பொட்டுவின் அடை. முந்தைய வாரம் முழுக்க அம்மா அவளை அடை தெளியவைக்கப் படாத பாடு பட்டார், தண்ணீரில் முக்கி எடுத்தார், மூக்கில் இறகைச் செருகிவிட்டார், ஒன்றுக்கும் அசையவில்லை. வானம் தோண்டுவதற்காகத் தகரப்பெட்டியைப் பகலில் நகர்த்திய அன்றைக்கே எழுந்து போனவள், மறுநாள் ஒன்றும் தெரியாதவள் மாதிரி மேய்ந்துகொண்டிருந்தாள். அடைக்கோழியை இடம் மாற்றுவதென்றால் ராத்திரியில் முட்டையோடு மாற்ற வேண்டும், பகலில் மாற்றினால் விட்டுவிடும் என்று பழைய ஆட்கள் சொல்வதை நாங்கள் தலைகீழாகச் செய்து பலன் பெற்றோம்.

இரண்டாம் நாள் அம்மா திருப்பூருக்குப் போய்விட்டார், பேரனுக்குக் காய்ச்சல். தீனி என் பொறுப்பு. வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் ஏழரைக்கு ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் கம்பை எடுத்துக்கொண்டு போய் வேப்பமரத்தடியில் வீசினேன். ஒரு கோழி வரவில்லை. ஏழும் சமையலறைப் பின்வாசல் படிக்கு முன்னால் அரைவட்டமாக நின்று மூடிய கதவையே பார்த்துக்கொண்டிருந்தன, நான் இருபதடி தள்ளி நின்று கத்திக்கொண்டிருக்கிறேன். கடைசியில் கம்பை மைனாக்கள் தின்றன. இரண்டு நாள் இதே கதை. தீனி எடுக்கவில்லை என்று அத்தை சொன்னதும்தான் கழிச்சல் பயம் வந்து டானிக் வாங்கினேன். எச்சம் கெட்டியாக வெள்ளை முனையோடு சரியாகத்தான் இருந்தது, கொண்டை சிவப்பாக இருந்தது, யாரும் தலையைத் தொங்கப்போடவில்லை. இதையெல்லாம் முதலில் பார்த்திருந்தால் 180 ரூபாய் மிச்சம்.

அன்று ராத்திரி போனில் அம்மா கேட்டார். "கிண்ணத்தத் தட்டுனியா?"

"எந்தக் கிண்ணம்?"

"அந்த நசுங்குன கிண்ணம்டா."

மறுநாள் காலை அந்த நசுங்கிய எவர்சில்வர் கிண்ணத்தை எடுத்து வேப்பமரத்தடியில் நின்று ஒரு தட்டுத்தான் தட்டினேன். ரெக்கையை விரித்துக்கொண்டு, பாதி ஓட்டம் பாதி பறப்பாக, மொட்டைக்கழுத்து முன்னால் ஓடிவர எல்லாம் வந்துவிட்டன. எனக்கு ஆர்வம் தாங்கவில்லை. அதற்கடுத்த நாள் அம்மாவுக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்து "பா பா பா" சொல்லச் சொன்னேன். செவலை கழுத்தைச் சாய்த்துப் போனை ஒற்றைக் கண்ணால் பார்த்தாள், மற்றவை தலையைக்கூடத் தூக்கவில்லை. கிண்ணத்தைத் தட்டினால் ஓடி வந்தன. இதை அம்மாவிடம் சொல்லியிருக்கக் கூடாது. "ஒம்போது வருசமா தீனி போட்டது நானா, கிண்ணமா?" என்று கோபித்துக்கொண்டு போனை வைத்துவிட்டார். கோழிக்கு ஆள் அடையாளம் தெரியாது என்று நான் சொல்ல வரவில்லை, தெரியும். போனில் வருகிற குரல் நேரில் கேட்கிற குரல் மாதிரி அதற்குக் கேட்டிருக்குமா என்பதும் சந்தேகம்தான். ஆனால் தீனி என்ற செய்தி அம்மாவிடம் இல்லை, கிண்ணத்தில் இருந்தது.

மூன்றாம் நாள் கம்பி திருடு போகாமல் இருக்கக் கொத்தனார் ஒரு ஃபோகஸ் லைட்டைக் கட்டினார். அது நேராகப் பழைய கூண்டின் இடத்தில் விழுந்தது. அதற்குப் பிறகு கோழிகளுக்குப் பொழுதே சாயவில்லை. எட்டு மணிக்குக்கூட மண்மேட்டைக் கிளறிக்கொண்டு திரிந்தன. மற்ற கொல்லை எல்லாம் இருட்டு, அந்த இடம் மட்டும் பட்டப்பகல், ஆகவே அந்த இடத்தை விட்டு நகர மேலும் ஒரு காரணம் நாங்களே செய்து கொடுத்தோம். சேவல் வேறு ராத்திரி ஒரு மணிக்குக் கூவ ஆரம்பித்தது. அத்தை வீட்டில் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருக்கிறது, சங்கடமாகப் போயிற்று.

சேவல் கூவுவதைப் பற்றி ஜப்பானில் நகோயா பல்கலைக்கழகத்துக்காரர்கள் 2013இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். மங்கலான ஒரே வெளிச்சத்தில் நாள் கணக்கில் அடைத்து வைத்தாலும் சேவல் ஏறத்தாழ ஒரு நாளுக்கு ஒரு தடவை, தன் உடம்புக்குள் இருக்கிற கடிகாரப்படி விடிகிற நேரத்தை ஒட்டிக் கூவுகிறது. வெளிச்சம் பட்டாலும் அடுத்த சேவலின் குரல் கேட்டாலும் கூவும்தான், ஆனால் விடியல் நெருக்கத்தில்தான் அதற்கு அதிகம் மசியும். 2015இல் இன்னொன்றும் சொன்னார்கள், கூட்டத்தில் பெரிய சேவல்தான் முதலில் கூவும், மற்றவை தரவரிசைப்படி காத்திருக்கும் என்று. எங்களிடம் ஒரே சேவல், காத்திருக்க ஆள் இல்லை. முதல் இரண்டு ராத்திரி புது இடத்தில் லைட் இல்லாமல் இருந்தபோது நாலரைக்குத்தான் கூவியது, லைட் கட்டிய பிறகுதான் ஒரு மணி. ஒன்பதாம் நாள் லைட்டைத் தெருப்பக்கம் திருப்பிக் கட்டினோம், இரண்டே ராத்திரியில் நாலரைக்குத் திரும்பிவிட்டது. மூன்று வாரத்தில் இவ்வளவு சுலபமாகத் தீர்ந்த விஷயம் இது ஒன்றுதான்.

தார்ப்பாய் விவகாரமும் உண்டு. நாலாம் நாள் சிமென்ட் மூட்டைக்கு மேலே நாலு கம்பு நட்டு நீலத் தார்ப்பாய் கட்டினார்கள், காற்றில் ஒரு முனை அவிழ்ந்து படபடவென்று அடித்தது. சேவல் உடனே ஒரு குரல் கொடுத்தது, வழக்கமாக நாயையோ பூனையையோ பார்த்தால் போடுகிற "கொக் கொக் கொக்கோ" இல்லை, தொண்டையை இறுக்கி இழுக்கிற மெல்லிய ஒற்றை "ஈஈஈ". அது பருந்துக் குரல். தரையில் வருகிற ஆபத்துக்கு ஒன்று, மேலே இருந்து வருகிற ஆபத்துக்கு ஒன்று என்று கோழிக்குத் தனித்தனிச் சத்தம் இருப்பது ஆராய்ச்சியிலும் உறுதியான விஷயம். சத்தம் வந்த நொடியில் கருப்பி செங்கல் அடுக்குக்கு இடையில் தலையை மட்டும் நுழைத்துக்கொண்டு பின்பக்கம் முழுதும் வெளியே தெரிய நின்றாள், பொட்டு ஒரு காலைத் தூக்கியவள் தூக்கியபடியே சிலையானாள், அப்படியே ஒன்றரை நிமிடம் இருந்தாள். சித்தாள் அக்கா சிரித்து அடங்க அதைவிட நேரம் ஆயிற்று. அன்று முழுக்க இப்படிப் பத்து தடவைக்கு மேல். ஆறாம் நாள் அதே தார்ப்பாய் நிழலில் படுத்துப் புழுதி குளித்தன.

முட்டைக்கு வருகிறேன், ஏனென்றால் வீட்டில் எல்லாருக்கும் உறைத்தது அதுதான். முதல் 7 நாளில் எங்களுக்குக் கிடைத்தது 6 முட்டை. 19க்கு 6. அந்த ஆறிலும் நாலு கோணல். ஒன்று தோல்முட்டை, கையில் எடுத்தால் தண்ணீர் ஊற்றிய பலூன் மாதிரி தொங்கியது. இரண்டின் மேல் சுண்ணாம்பு தூவிய மாதிரி வெள்ளைப் படலம். ஒன்றுக்கு ஒரு பக்கம் தட்டையாக, மேஜையில் வைத்தால் உருளாது.

கோழிக்குள் ஒரு முட்டை உருவாக 24லிருந்து 26 மணி நேரம் ஆகிறது, அதில் ஓடு கட்டுவதற்கு மட்டும் ஏறத்தாழ 20 மணி நேரம். ஓட்டின் பழுப்பு நிறம் கடைசிக் கட்டத்தில்தான் ஏறும். முட்டை முற்றி வெளியே வரத் தயாராகும்போது கோழி பயந்தாலோ பழகிய இடம் கிடைக்காமல் அலைந்தாலோ முட்டையை உள்ளேயே நிறுத்தி வைத்துக்கொள்ளும், அந்த நேரத்தில் மேலே இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு படிந்துவிடும், அதுதான் வெள்ளைத் தூள். நிறுத்தி வைத்த முட்டைக்குப் பின்னாலேயே அடுத்தது வந்து இடித்துக்கொண்டு நின்றால் ஒரு பக்கம் தட்டையாகும். ஓடு கட்டி முடிவதற்குள் வெளியே தள்ளிவிட்டால் தோல்முட்டை. தோல்முட்டை என்றாலே சுண்ணாம்புச் சத்துக் குறைவு என்றுதான் எல்லாரும் சொல்வார்கள், நானும் கிளிஞ்சல் பொடி வாங்கி வைத்தேன், தப்பில்லை, ஆனால் சத்துக் குறைவாக இருந்தால் எல்லா ஓடும் மெலிந்திருக்க வேண்டும். இங்கே ஒன்று தோல், இரண்டில் சுண்ணாம்பு அதிகம். இது தீனிக் கோளாறு இல்லை, நேரக் கோளாறு.

செவலை முட்டையிட இடம் தேடியதை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கூடவே நடந்து பார்த்தேன். எட்டே முக்காலுக்குக் கேற ஆரம்பித்தாள். மாடிப்படிக்கு அடியில் போனாள், பெட்டி இல்லை, இருந்த இடத்தில் நின்று தரையைக் கால்களால் இரண்டு சீய்ப்பு சீய்த்தாள். அங்கே சிமென்ட் தரைதான். வெளியே வந்து ஒரு சுற்று, மறுபடி படிக்கு அடியில். பத்தரைக்குள் 14 தடவை, நான் எண்ணினேன். நாங்கள் புதுக் கூண்டுக்குள் வைக்கோல் போட்டு அழகாகப் புதுப் பிளாஸ்டிக் கூடை வைத்திருந்தோம், அதை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பதினொன்றே காலுக்குக் கொத்தனாரின் பாண்டுச் சட்டியில் ஏறி உட்கார்ந்தாள். சித்தாள் அக்கா கலவை அள்ள வந்தபோது விரட்ட வேண்டாம் என்று நான் கையெடுத்துக் கும்பிட, அரை மணி நேரம் கட்டட வேலை நின்றது. இட்டது அந்தத் தட்டை முட்டை.

அப்புறம் ஒன்பதாம் நாள் ஹாலோ பிளாக் அடுக்கைக் கலைத்தபோது, நடுவில் இருந்த சந்தில், மணல்மேல் குழி பறித்து 9 முட்டை. அக்கா தங்கச்சி வேலை. பக்கெட் தண்ணீரில் போட்டுப் பார்த்தோம், ஒன்றும் மிதக்கவில்லை, இரண்டு மட்டும் அடியில் குத்திட்டு நின்றன. இந்த 9 என் கணக்கையே மாற்றிவிட்டது. 19 முட்டை 6 ஆனதாக நினைத்துப் பதறினோம், நிஜத்தில் 15 ஆகியிருந்தது. குறைந்ததாகத் தெரிந்த 13இல் 9 எங்கள் கண்ணில் படாதது, 4தான் உண்மையான குறைவு. அந்த நாலும் மூத்த மூன்றின் கணக்கு. இளசுகள் இரண்டும் இடத்தை மாற்றிக்கொண்டு தன் பாட்டுக்கு இட்டுக்கொண்டிருந்தன, பழைய பெட்டியில் கொஞ்ச நாள்தானே பழக்கம்.

எட்டாம் நாளிலிருந்து கூண்டை அடைத்துப் போட்டோம். நாலு நாள், தண்ணீர், தீனி, கீரை எல்லாம் உள்ளேயே. முதல் நாளே செய்திருக்க வேண்டியது, கொத்தனார் வேலைக்கு நடுவில் யார் பார்ப்பது என்று சோம்பல்பட்டேன். கூண்டில் நெருக்கடி ஆனதும் மொட்டைக்கழுத்தின் வாலடியில் கொத்து விழுந்தது. கோழிக்கூட்டத்தில் யார் யாரைக் கொத்தலாம் என்ற வரிசை இருப்பதை நார்வேக்காரர் தொர்லைஃப் ஷெல்டரூப்-எப்பே 1921இல் எழுதி வைத்தார், எங்கள் கூண்டில் அந்த வரிசை முன்பு வெறும் முறைப்போடு முடிந்துவிடும், விலக இடம் இருந்ததால். இடம் இல்லாதபோது முறைப்பு போதவில்லை. ஒரு சாக்கைக் குறுக்கே தொங்கவிட்டு மறைவு செய்தோம், கீரைக் கட்டை உயரக் கட்டி எக்கிக் கொத்த வைத்தோம், அடங்கிவிட்டது.

ஆனால் உள்ளே அடைத்தும் குழாயில் ஒன்றும் ஏறவில்லை. ஏழும் மூலையில் தரையில் ஒன்றின்மேல் ஒன்று குவிந்து படுத்தன. இரும்புக் குழாய் வழுக்குகிறதோ என்று சாக்கைச் சுற்றிப் பார்த்தேன், சேவல் மட்டும் ஏறியது. பன்னிரண்டாம் நாள் சாயங்காலம் நாலு மணிக்குத் திறந்துவிட்டேன், அடைகிற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் விட்டால் தூரம் போகாமல் திரும்பும் என்று. நாலு திரும்பின. செவலை, கருப்பி, பொட்டு மூன்றும் பழைய இடத்துக்கு, அங்கே அதற்குள் அஸ்திவாரம் எழும்பியிருந்தது, கம்பிகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்தன.

மறுநாள் திருப்பூரிலிருந்து வந்த அம்மா கூண்டைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டுக் கேட்டது ஒரே கேள்விதான். "கட்டை எங்கடா?" பழைய குறுக்குக்கட்டையைக் கொத்தனார் சாரத்துக்கு முட்டுக் கொடுத்திருந்தார். 9 வருட எச்சம் ஊறி, நடுவில் வழவழவென்று தேய்ந்து போன வேப்பங்கட்டை. வேறு கட்டை கொடுத்து அதை வாங்கிக் குழாய் இருந்த உயரத்திலேயே கட்டினோம். அம்மா பழைய தகரப்பெட்டியையும் தேடி எடுத்து உள்ளே வைத்து, வழக்கம்போலக் கரியால் கோடு போட்ட முட்டை ஒன்றை அதில் விட்டார். அன்று ஆறேகாலுக்குக் கருப்பி கூண்டு வாசலில் நின்று உள்ளே பார்த்தாள், கழுத்தை நீட்டி, இழுத்து, மறுபடி நீட்டி, பிறகு ஒரே தாவலில் கட்டையில் ஏறிச் சுவரோரத்து இடத்தில் உட்கார்ந்தாள். செவலையின் இடம் அது. பொட்டுவும் பின்னாலேயே. மூன்றாம் வாரம் 14 முட்டை, எல்லாம் தகரப்பெட்டியில், எல்லாம் உருண்டன.

யாராவது கேட்டால் நான் சொல்வது, ஒரே வாரத்தில் நாலை மாற்றாதீர்கள். நாங்கள் கூண்டை, லைட்டை, தீனி போடும் ஆளை, முட்டைப்பெட்டியை எல்லாம் சேர்த்து மாற்றிவிட்டு எது எதனால் என்று தெரியாமல் முழித்தோம். கட்டையாலா, பெட்டியாலா, நாலு நாள் அடைத்ததாலா என்று இப்போதும் என்னால் அடித்துச் சொல்ல முடியாது. என் ஓட்டு கட்டைக்கு, அம்மாவின் ஓட்டு அம்மாவுக்கு.

செவலைதான் இன்னும் முழுசாக ஒத்துவரவில்லை. கருப்பி பறித்த இடத்தை இரண்டாம் நாளே கொத்திப் பிடுங்கிக்கொண்டாள், அது வேறு. ஆனால் பாத்ரூம் கட்டி, டைல்ஸ் ஒட்டி, பிவிசி கதவு மாட்டி இரண்டு மாதம் ஆகிறது, இப்போதும் ஆறு மணிக்கு நேராக அங்கேதான் வருகிறாள். கதவு திறந்திருந்தால் உள்ளே போய் வாளிக்குப் பக்கத்தில் ஒரு நிமிடம் நின்றுவிட்டுத் திரும்பி வந்து கூண்டில் ஏறுவாள். மூடியிருந்தால் கதவைக் கொத்துவாள். போன வாரம் ஊரிலிருந்து வந்த மாமா உள்ளே இருந்துகொண்டு, "யாரு, இந்தா வந்துட்டேன்" என்று மூன்று தடவை குரல் கொடுத்தார்.